கிளிநொச்சிக்குப் புறவழி வீதி வேண்டுமா? ஏ9 ஓரத்தில் ஊர் எங்கே முடிகிறது?

கரடிப்போக்கான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனநாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் முதல்முறையாக ஓர் இழை தொடங்குகிறேன். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை எங்கள் சின்னம்மா வழக்கம்போல விடியப்புறம் ஏ9 வீதியைக் கடந்து எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குப் பால் கொடுக்கப் போனார். ஒரு கையில் இரண்டு போத்தல், மறு கையில் டோர்ச் லைற். வானம் வெளுத்தும் வெளுக்காத நேரம். தெற்கே இருந்து வந்த இரவு பஸ் ஒன்று, முன்னால் போன லொறியை முந்துவதற்காக எங்கள் ஒழுங்கை வாசலில் வைத்து வலப்பக்கம் ஏறியிருக்கிறது. சின்னம்மா காலைப் பின்னால் எடுத்துவைத்தார். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி போத்தலைத் தட்டிக்கொண்டு போனது, அவர் கானுக்குள் விழுந்தார். மணிக்கட்டில் வெடிப்பு, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. பஸ் நிற்கவே இல்லை. நல்லகாலம், இவ்வளவோடு போனது.

அன்றிலிருந்து இதே யோசனைதான். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை முந்நூற்றிருபது கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடுகிறது இந்த வீதி. அதில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது கொஞ்சத் தூரம். அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே கச்சேரி (மாவட்டச் செயலகம்), சந்தை, பாடசாலை, வங்கி, கோயில், கடை என்று ஊர் முழுவதும் வீதியைப் பார்த்தபடி வரிசையில் நிற்கிறது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடுகிற எல்லாம் எங்கள் வாசற்படியை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டிப்போ சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இரணைமடுச் சந்தியடியில் பிரிந்து, ஊரைச் சுற்றி, பரந்தனுக்குக் கிட்ட மறுபடி ஏ9இல் சேருகிற மாதிரி ஒரு புறவழி வீதி போட்டால் என்ன? தூரப்பயணக்காரர் அதால் போகட்டும், ஊர்ச்சனத்துக்கு ஊர்வீதி மிஞ்சட்டும். என்ன நினைக்கிறீர்கள்?

ஸ்காபரோ பரந்தன் எழுதியது:

சின்னம்மா சுகமாகட்டும், தம்பி. உங்கள் யோசனை நல்லது. இது இருபது வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய கதை.

நான் பரந்தனில் பிறந்தவன். அப்பா இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஆனையிறவு உப்பில் இருந்து கோஸ்டிக் சோடா எடுத்த அந்தத் தொழிற்சாலைதான். அந்த நாளில் ஏ9இல் ஒரு லொறி போனால் அடுத்தது வரும்வரை வீதியில் கிளித்தட்டு விளையாடுவோம். இப்போது ஊருக்கு வந்தால், வீதியைக் கடக்க என் கையைப் பேரப்பிள்ளை பிடிக்கிறது.

இருக்கிற இடத்தில் இருந்து ஒன்று சொல்கிறேன். ரொறன்ரோவின் வடக்கு எல்லை ஒரு வீதிதான். ஸ்ரீல்ஸ் அவெனியூ என்று பெயர். தெற்குப் பக்கம் ரொறன்ரோ மாநகரம், வடக்குப் பக்கம் மார்க்கம், வோன் என்று வேறு நகரங்கள். வீதி முழுவதும் ரொறன்ரோவுக்குச் சொந்தம், பனி வழிப்பதும் அவர்கள்தான். என் வீடு வடக்குப் பக்கம், அண்ணன் வீடு தெற்குப் பக்கம். நடந்தால் ஏழு நிமிடம். வீடு வாங்கியபோது அண்ணன் மாகாணத்துக்கு ஒன்று, மாநகரத்துக்கு ஒன்று என்று இரண்டு நிலமாற்று வரி கட்டினார். நான் மாகாணத்துக்கு மட்டும் கட்டினேன். ரொறன்ரோ பஸ்ஸில் வந்து யோர்க் பிராந்திய பஸ்ஸுக்கு மாறினால் முன்பு இன்னொரு ரிக்கற் காசு கேட்பார்கள். 2024 பெப்ரவரிக்குப் பிறகுதான் ஒரே காசோடு போகலாம் என்று வந்தது.

ஆனால் வீதியில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே ஊர்தான். அங்கேயும் தமிழ்க் கடை, இங்கேயும் தமிழ்க் கடை. இடியப்பம் எந்தப் பக்கம் நல்லது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

எல்லை வீதி என்றால் இப்படி இருக்க வேண்டும். கிளிநொச்சிக்கும் ஒன்று வரட்டும்.

பழைய நெல்லு எழுதியது:

தம்பி கரடிப்போக்கான், சின்னம்மாவை நினைத்துக் கவலையாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. ஊரைச் சுற்றி என்கிறீர்களே, எந்தப் பக்கத்தால்?

கிழக்கால் என்றால் எங்கள் வயல். வட்டக்கச்சியில் இருந்து கண்டாவளை வரை இரணைமடுக்குளத்துத் தண்ணீர் பாய்கிற காணிகள். 1930களின் நடுவில் யாழ்ப்பாணத்தில் காணியில்லாத சனத்துக்கு இங்கே காணி வெட்டிக் கொடுத்தபோது என் பாட்டனார் வந்தவர். காடு வெட்டினார், மலேரியா வந்தது, பாம்பு கடித்தது, அதற்கும் பிறகு விதைத்தார். அந்தக் காணி இன்றைக்கும் பெர்மிற் காணிதான், அரசாங்க அனுமதிப்பத்திரம் மட்டும் உள்ள காணி. உறுதிக் காணிக்காரனுக்கு நட்டஈடு கேட்க ஓர் உறுதியாவது இருக்கிறது. பெர்மிற்காரன் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கிப் பழகிய கால்தான், ஆனால் இப்போது முழங்கால் ஒத்துவராது.

வாய்க்காலை மறந்துவிட்டீர்கள். வயலுக்குக் குறுக்கே ஒரு மண் அணை கட்டி அதன் மேல் தார் ஊற்றினால் தண்ணீர் எங்கே போகும்? 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது எந்தெந்த ஊர் மூழ்கியது என்று தெரியும்தானே. மதகு வைப்போம் என்பார்கள். வைத்த மதகு எல்லாம் ஒரு முழம் உயரத்தில் நிற்கும், தண்ணீர் கீழே நிற்கும்.

மேற்கால் போனால் கிளிநொச்சிக்குளம், கனகபுரம், உருத்திரபுரம். அந்தப் பக்கத்துச் சனம் என்ன சொல்கிறதோ அவர்களைக் கேளுங்கோ.

இன்னொன்று. காலபோகம் வெட்டி முடிந்ததும் நாங்கள் நெல் காயவிடுவது எங்கே? வீதியோரத்தில்தான். படங்கு விரித்து, நெல்லைக் கொட்டி, காலாலே கோடு கோடாக இழுத்துவிட்டால் பின்னேரம் கையில் சலசலக்கும். தார்ச்சூடு வேறு எங்கே கிடைக்கும்? ஓரத்தில் நாலு கல்லும் ஒரு மரக்கொப்பும் வைத்துவிட்டு நிழலுக்குள் குந்தியிருப்போம். சட்டப்படி பிழைதான், எனக்கும் தெரியும். அரசாங்கம் காயவிடும் களத்தைக் கட்டித் தரட்டும், நான் வீதியை விட்டுவிடுகிறேன்.

கரடிப்போக்கான் எழுதியது:

ஐயா, கோபிக்காதீர்கள். வயலைக் கேட்டு நான் எழுதவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட பிறகுதான், வரைபடத்தில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் இழுத்தாலும் யாருடையதோ ஒரு வாய்க்காலில் விரல் முட்டுகிறது. அது உண்மைதான்.

நெல் காயவிடுவதைப் பற்றி ஒரு சொல். அந்த நாலு கல்லும் மரக்கொப்பும் இரவில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குத் தெரியாது. கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய நெல்லு எழுதியது:

இரவில் நெல்லை அள்ளிவிடுவோம். கல்லை எடுக்க மறக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்தான். சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற இலிகிதர் எழுதியது:

இழையின் தலைப்பில் ‘ஊர் எங்கே முடிகிறது’ என்று கேட்டிருக்கிறீர்கள். புறவழி பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கேள்வியைத் தீர்க்க வேண்டும், ஏனென்றால் காகிதத்தில் அதற்குப் பதில் கிடையாது.

கிளிநொச்சி ஒரு மாவட்டத்தின் தலைநகர். 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருந்து பிரித்தார்கள். ஆனால் இந்த ஊருக்கு மாநகரசபையும் இல்லை, நகரசபையும் இல்லை. கரைச்சிப் பிரதேச சபைக்குள் அடங்குகிறது. அதே சபைக்குள் வயலும் காடும் குளமும் இருக்கின்றன. ஆகவே ‘கிளிநொச்சி நகர எல்லை’ என்று சட்டப்படி ஒரு கோடு இழுக்க முடியாது. கந்தோரில் இருந்த காலத்தில் யாராவது ‘நகர எல்லைக்குள் வசிப்பவர்’ என்று கடிதம் கேட்டு வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். எந்த எல்லை, எந்த நகரம்?

அப்போ இந்த ஊரின் எல்லையை யார் வைத்தது? வீதிதான். இங்கே முகவரியே கட்டைதான். ‘நூற்றைம்பத்தைந்தாம் கட்டையடியில் இறங்கு’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அந்தக் கட்டை கண்டியில் இருந்து எண்ணிய மைல். கிலோமீற்றரில் இருநூற்றைம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. நாடு கிலோமீற்றருக்கு மாறி எவ்வளவு காலம் ஆகிறது, பழைய மைல்கல் எத்தனை நிற்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும், ஆனால் 155 இன்னும் 155தான். மைல்கல் போனாலும் இடம் போகவில்லை.

ஸ்காபரோ அன்பருக்கு: உங்கள் வீதியில் எல்லை பத்திரத்திலும் வரிச்சீட்டிலும் இருக்கிறது, காலுக்குத் தெரிவதில்லை. எங்கள் வீதியில் காலுக்கு நன்றாகத் தெரிகிறது, பத்திரத்தில் மட்டும் இல்லை. ஆகவே அங்கே இருந்து இங்கே உவமை கொண்டுவரும்போது கொஞ்சம் கவனம்.

ஸ்காபரோ பரந்தன் எழுதியது:

ஐயா சொன்னது சரி. ஒப்புக்கொள்கிறேன். இடியப்பக் கதையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வவுனியாக்காரன் எழுதியது:

நாங்களும் கொஞ்சம் சொல்லலாமா? வவுனியாவும் வன்னிதான், அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் ‘உள்வட்ட வீதி’ என்று ஒன்றும் ‘வெளிவட்ட வீதி’ என்று ஒன்றும் இருக்கின்றன. பெயரைக் கேட்டால் பெரிய நகரம் மாதிரி இருக்கும். வெளிவட்டத்துக்கு வெளியே ஊர் எப்போதோ போய்விட்டது. நெளுக்குளம் தாண்டி, தாண்டிக்குளம் தாண்டி, பம்பைமடுவில் பல்கலைக்கழகம் வரை போய்விட்டது. இப்போது மாநகரசபையும் வந்துவிட்டது. வெளிவட்ட வீதி என்ற பெயர் அப்படியே இருக்கிறது, வளர்ந்த பிள்ளையைச் ‘சின்னவன்’ என்று கூப்பிடுவது மாதிரி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வீதி திறந்ததால் வளர்ந்த ஊர்களைப் பற்றி எல்லோரும் கதைக்கிறார்கள். எங்கள் ஊர் வீதி மூடியதால் வளர்ந்தது. 1990இல் இருந்து யாழ்தேவி ரயில் எங்களோடு நின்றுவிட்டது. ஏ9உம் எங்களோடு நின்றுவிட்டது. வடக்கே போக வேண்டிய சனமும் சாமானும் எல்லாம் எங்கள் ஊரில்தான் இறங்கின. லொட்ஜ், சாப்பாட்டுக்கடை, லொறிக் கொம்பனி, பயணம் போகப் பாஸ் எடுக்க நிற்கிற வரிசை. அந்த வரிசையில் எங்கள் அம்மாவும் நின்றவர், குடையோடும் ஒரு போத்தல் தண்ணீரோடும். அந்த வரிசையிலேயே தேத்தண்ணி விற்று வீடு கட்டியவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். இரண்டும் நடந்தது.

2002 ஏப்ரலில் பாதை திறந்தபோது ஓமந்தையில் ஒரு சாவடி, முகமாலையில் ஒரு சாவடி. ஏ9ஆல் வன்னிக்குள் வருவதும் வன்னியை விட்டு வெளியே போவதும் அந்த இரண்டு வாசலால்தான். 2006 ஓகஸ்டில் மறுபடி மூடிவிட்டார்கள். ஏ9இல் ‘எல்லை’ என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வயதுக்காரருக்கு நகர எல்லை நினைவுக்கு வராது, கையில் அடையாள அட்டையோடு பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றதுதான் வரும்.

அப்புறம் 2016இல் பொருளாதார மத்திய நிலையம், அதாவது மரக்கறி மொத்தச் சந்தை, எங்கே வருவது என்று பெரிய இழுபறி. ஓமந்தையா, தாண்டிக்குளமா? இரண்டும் ஏ9இல்தான், நடுவில் ஒரு சில கிலோமீற்றர். அதற்கு எத்தனை கூட்டம், எத்தனை அறிக்கை, எத்தனை உண்ணாவிரதப் பேச்சு! ஒரு வீதியில் சில கிலோமீற்றர் தள்ளி வைப்பதற்கே அப்படி என்றால், வீதியையே தள்ளி வைக்கப் போகிறீர்கள். வாழ்த்துகள்.

பெயர் வேண்டாம் எழுதியது:

பாதை மூடியதற்கு யார் காரணம் என்று சொல்லாமல் மூடியது, திறந்தது என்று எழுதுவது என்ன நியாயம்? 96இல் ஊர் பறிபோனது, 98இல் திரும்பியது, 2009 ஜனவரி 2இல் மறுபடி போனது. இதை எல்லாம் விட்டுவிட்டு டிராஃபிக் லைற்றைப் பற்றிக் கதைக்கிறீர்கள்.

மட்டுறுத்துநர் எழுதியது:

போர்க்காலத்துப் பாதை பற்றிய நினைவுகளுக்குத் தனியாக ஓர் இழை இருக்கிறது, அங்கே தாராளமாக எழுதலாம். இங்கே வீதியைப் பற்றிப் பேசுவோம். வவுனியாக்காரனின் பதிவு தலைப்போடு சேர்ந்து வருவதால் விட்டிருக்கிறேன்.

கடலைச்சுருள் எழுதியது:

நான் முறிகண்டியில் கடை வைத்திருக்கிறேன். கச்சான் கடை. எங்கள் பிள்ளையாரைத் தாண்டி எந்த வாகனமும் நிற்காமல் போகாது. சிங்களச் சாரதியும் நிற்பார், முஸ்லிம் வியாபாரியும் நிற்பார், கொழும்புக்குப் போகிற பெரிய சொகுசு பஸ்ஸும் நிற்கும். ஒரு தேங்காய், ஒரு கற்பூரம், உண்டியலில் ஒரு சில்லறை, பிறகு எங்களிடம் ஒரு கச்சான் சரை. இரவு இரண்டு மணிக்கும் அடுப்பில் மணல் சூடாகத்தான் இருக்கும்.

வேகத்தைக் குறைக்க இஞ்சினியர்மார் என்னென்னவோ செய்கிறார்கள். எங்கள் பிள்ளையார் ஒரு வேகத்தடையும் போடாமல் எல்லோரையும் நிற்பாட்டி வைத்திருக்கிறார்.

கிளிநொச்சிக் கடைக்காரரை யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களுக்காகக் கேட்கிறேன். அங்கே வீதியோரத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறவர்கள், பழக்கடை, ரயர்க்கடை, இளநீர் விற்கிற அக்கா, இவர்கள் எல்லோரும் யாரை நம்பி இருக்கிறார்கள்? போகிற வருகிற வாகனத்தைத்தானே? 2009க்குப் பிறகு வந்த சனம் தகரக் கொட்டிலில் தொடங்கி, கடன் எடுத்து, மெல்ல மெல்லச் சீமெந்துக்கு வந்திருக்கிறது. வீதியைக் கொண்டுபோய் வயலுக்குள் வைத்தால், அவர்களும் கடையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் போவார்கள். பிறகு அங்கேயும் ஒரு கிளிநொச்சி.

தம்பி, சின்னம்மாவுக்கு மஞ்சளும் நல்லெண்ணெயும் கட்டை அவிழ்த்த பிறகு போடுங்கோ, இப்ப வேண்டாம்.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

கடலைச்சுருள் அக்கா கடைசியில் சொன்னதைத்தான் எங்களுக்கு இரண்டு விரிவுரையில் சொல்லித் தந்தார்கள். அக்கா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

நான் இங்கே பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். பாடத்துக்காக ஒருநாள் காலை நானும் நண்பிகள் இருவரும் டிப்போ சந்திக்குக் கிட்ட நின்று வாகனம் எண்ணத் தொடங்கினோம். எது ஊருக்குள் நிற்கிறது, எது நேரே போகிறது என்று பிரிக்க வேண்டும். முதல் கால்மணி நேரம் ஒழுங்காக எண்ணினோம். பிறகு மோட்டார் சைக்கிள் வரத் தொடங்கியது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அப்பா, சந்தைக்கு வாழைக்குலையோடு ஒருவர், கச்சேரிக்கு இருவர் இருவராக. கூட்டல் குறி போட்டுப் போட்டுத் தாள் நிரம்பிவிட்டது. மூன்று பேருக்கும் மூன்று கணக்கு வந்தது, அதைச் சொல்லி வெட்கப்பட மாட்டேன். ஆனால் மூன்று கணக்கிலும் ஒன்று ஒத்துப்போனது. வீதியில் அந்த நேரம் நின்றதில் பெரும்பங்கு எங்கள் ஊர் வாகனம். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸும் லொறியும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றன, எண்ணிக்கையில் கொஞ்சம்தான்.

அதனால் என்ன? புறவழி போட்டால் அந்தக் கொஞ்சம் மட்டும் போகும். சந்தியில் நெரிசல் அப்படியே இருக்கும். ஆனால் கரடிப்போக்கான் அண்ணையின் சின்னம்மாவைத் தட்டியது அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. அது விடியப்புறம், வீதி வெறிச்சென்று இருக்கிற நேரம். நெரிசல் நேரத்தில் பஸ் ஊர்ந்துதான் வரும். வெறும் வீதியில்தான் வேகம் வரும். ஆகவே நாம் ஒரே இழையில் இரண்டு பிரச்சினையைப் போட்டுக் குழப்புகிறோம் என்று நினைக்கிறேன். நெரிசலுக்கு மருந்து வேறு, வேகத்துக்கு மருந்து வேறு.

வேகத்துக்கு: நடுவில் நின்று கடக்க ஒரு திட்டு, அதாவது பாதி வீதியை ஒருமுறை, மீதியை ஒருமுறை என்று கடக்கிற மாதிரி. கடவைக்கு மேலே நல்ல வெளிச்சம். முந்தக் கூடாத இடத்தில் தொடர்கோடு மட்டும் போட்டால் போதாது, முந்த முடியாதபடி நடுவில் ஏதாவது உயர்ந்து நிற்க வேண்டும். ஊருக்குள் 50க்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் ஊர் எங்கே தொடங்குகிறது என்று சாரதிக்கு வீதி சொல்ல வேண்டும். இலிகிதர் ஐயா சொன்ன அதே கதைதான். ஏ9ஐச் சீனக் கடனில் புதுப்பித்தபோது அகலமாக, நேராக, வழுவழுவென்று போட்டார்கள். அப்படிப் போட்ட வீதி சாரதியிடம் ‘அமத்து’ என்றுதான் சொல்லும். பலகையில் 50 என்று எழுதி என்ன பயன்?

நெரிசலுக்கு: ஒழுங்கைகளை வீதிக்குப் பின்னால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். பக்கத்து ஒழுங்கைக்குப் போவதற்கும் ஏ9இல் ஏறி இறங்கினால் வீதி என்ன செய்யும்?

இன்னொன்று, தூரப்பயண லொறிக்கு ஏற்கனவே ஒரு சுற்றுப்பாதை இருக்கிறது. 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து பூநகரியால் மன்னாருக்கு ஏ32 இருக்கிறது. கிளிநொச்சியைத் தொடாமலே போகலாம்.

ஸ்காபரோ பரந்தன் எழுதியது:

தங்கச்சி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே 401 என்று ஒரு பெருந்தெரு. 1950களில் அதைக் கட்டியபோது பெயரே ‘ரொறன்ரோ பைபாஸ்’தான். அப்போது சுற்றிவர வயல். இன்று நகரத்தின் நடுவால் ஓடுகிறது, சில இடத்தில் பதினெட்டுத் தடம், அப்படியும் பின்னேரத்தில் அசையாது. பைபாஸ் கேட்ட நானே இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

தண்டவாளம் எழுதியது:

எல்லோரும் வீதியைப் பற்றியே கதைக்கிறீர்கள். ரயில் பாதையை மறக்க வேண்டாம். 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருடம் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம். இருபத்து மூன்று வருடம் ரயிலே பார்க்காத பிள்ளைகள், முதல்நாள் பூ எறிந்தார்கள். நானும் எறிந்தேன்.

ஆனால் ரயில் இல்லாத அந்த இருபத்து மூன்று வருடத்தில் சனம் தண்டவாளம் இருந்த இடத்தைப் பாதையாக்கிப் பழகிவிட்டது. ஏ9இல் ஒருமுறை, கடவையில் ஒருமுறை என்று இரண்டு தரம் உயிரைக் கையில் பிடிக்கிற வீடுகள் இருக்கின்றன. புறவழி வீதி மேற்கால் வந்தால் ரயில் பாதையையும் எங்கோ வெட்டத்தான் வேண்டும். மேம்பாலம் கட்டுவார்களா, இல்லை இன்னொரு காவலில்லாக் கடவையா? பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

வவுனியாக்காரன் எழுதியது:

மாடுகளை விட்டுவிட்டீர்கள். கட்டாக்காலி மாடுகளுக்கு ஏ9தான் படுக்கை. இரவில் தார் சூடு, நுளம்பும் குறைவு, காற்றும் வரும். புறவழி வந்தால் அவைதான் முதலில் குடிபோகும்.

கரடிப்போக்கான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழை தொடங்கியபோது இருந்த உறுதி இப்போது எனக்கு இல்லை.

நேற்று இரவு இதை எல்லாம் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நெல்லு ஐயாவின் பதிவுக்குத் தலையாட்டினார். மாட்டுக் கதைக்குச் சிரித்தார். பிறகு கேட்டார்: “பஸ் அங்கால போனால், மாமாவைக் கிளினிக்குக்குக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போக நான் எங்கே போய் பஸ் ஏறுறது?”

மாமாவுக்கு மாதம் ஒருமுறை கொழும்புக்குக் கிட்ட மகரகம ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவு பஸ் எங்கள் ஒழுங்கை வாசலில் நின்று ஏற்றிக்கொண்டு போகும். விடிய அங்கே இறக்கும். சின்னம்மாவைத் தட்டிய பஸ்ஸும் அதே மாதிரி ஒரு பஸ்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் புறவழிக் கதையை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன். மாணவித் தங்கச்சி சொன்ன திட்டும் வெளிச்சமும் எங்கள் ஒழுங்கை வாசலுக்கு வேண்டும் என்று ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன். ஒழுங்கையில் இருக்கிற வீடுகள் எல்லாம் கையெழுத்துப் போடச் சம்மதம். ‘கிளிநொச்சி நகர எல்லைக்குள் அமைந்துள்ள’ என்று தொடங்கியிருக்கிறேன். பிரதேச சபைக்குக் கொடுத்தால் போதுமா?

பழைய நெல்லு எழுதியது:

எங்கள் பக்கத்துக் கமக்காரர் அமைப்பிலும் கையெழுத்து வாங்கித் தருகிறேன். களம் கட்டித் தரச் சொல்லியும் ஒரு வரி சேருங்கோ.

அறிவியல்நகர் மாணவி எழுதியது:

அண்ணை, ஒழுங்கை வாசலைப் படம் எடுத்து அனுப்புங்கள். விடியப்புறம் ஒன்று, பள்ளிக்கூட நேரத்தில் ஒன்று. திட்டு எங்கே வர வேண்டும் என்று அளந்து வரைந்து தருகிறேன். இந்தமுறை மூன்று பேரும் ஒரே அளவு எடுப்போம்.

ஓய்வுபெற்ற இலிகிதர் எழுதியது:

பிரதேச சபைக்குப் பிரதி அனுப்புங்கள். மனு போக வேண்டிய இடம் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. ஏ, பி வகுப்பு வீதிகள் அவர்களுடையவை. பிரதேச சபை விரும்பினாலும் அந்தத் தாரில் ஒரு கோடு கீற முடியாது. பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் ஒரு பிரதி.

நெல்லுக் களத்தை இதே மனுவில் சேர்க்க வேண்டாம், அது வேறு திணைக்களம். சேர்த்தால் இரண்டும் தூங்கும். தனியாக எழுதுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

முதல் வரியில் ‘நகர எல்லைக்குள்’ என்று எழுத வேண்டாம். யாராவது ஓர் உத்தியோகத்தர் ‘எந்த எல்லை’ என்று சிவப்புப் பேனையால் எழுதித் திருப்பி அனுப்புவார். நானே அப்படித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒழுங்கை வாசலில் இருந்து கிட்ட இருக்கிற கிலோமீற்றர் கல் எது என்று பார்த்து, அதன் இலக்கத்தைப் போட்டு, அதில் இருந்து வடக்கே எத்தனை மீற்றர் என்று எழுதுங்கள்.

கரடிப்போக்கான் எழுதியது:

இப்போதே டோர்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன், ஐயா. கல்லைச் சுற்றிப் பற்றை மூடிக் கிடக்கிறது. கத்தியும் வேண்டும்.